கேளுங்கள் டீச்சரை: ஊருக்கு ஊர் வேறு வாக்குச்சீட்டா?

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், "நகரத் தேர்தலை எந்த முறையில் நடத்துவது என்பதை அந்தந்த நகரமே முடிவு செய்துகொள்ளட்டும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி பிடித்துக்கொண்டது. இந்த மாதம் முழுக்க அதைப் பற்றிய கடிதங்கள்தான். பிள்ளைகளின் தமிழ்ப் பரீட்சை குறித்துக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வெலிங்டனில் வேலை பார்க்கிறாள். 2025 அக்டோபர் நகரத் தேர்தலுக்குத் தபாலில் வந்த சீட்டில் 1, 2, 3 என்று எண் எழுதச் சொல்லியிருந்ததாம். ஆக்லாந்தில் இருக்கும் அவள் தோழிக்கு வந்ததிலோ வெறும் டிக். ஒரே நாட்டில் இதென்ன கூத்து, டீச்சர்?
*— ஓய்வுபெற்ற தாதி, யீஷூன்*

கூத்து இல்லை அம்மா, சட்டமே அப்படித்தான். நியூசிலாந்தின் 2001ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் சட்டம் ஒவ்வொரு மன்றத்தின் முன்னும் இரண்டு முறைகளை வைத்து, உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறது. ஒன்று நமக்குப் பழகியது: யாருக்கு வாக்கு அதிகமோ அவர் வென்றார். மற்றது விருப்ப வரிசை: பிடித்தவர்களை 1, 2, 3 என்று எண்ணிட்டு வரிசைப்படுத்துவது. வெலிங்டன் 2004 முதல் எண் எழுதுகிறது. ஆக்லாந்து டிக்கை விடவில்லை.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, முடிவெடுக்க அது திறந்து வைத்திருக்கும் வழிகள். மன்ற உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் போடலாம். அல்லது அவர்களே மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம். உறுப்பினர்கள் போட்ட தீர்மானம் பிடிக்கவில்லையா, வாக்காளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். எடுத்த முடிவு இரண்டு தேர்தல்களுக்கு நிற்கும். இன்று தோற்றவர் நாளைக்கே மாற்றிவிட முடியாது.

உங்கள் மகளின் தோழிக்கு ஒன்று சொல்லுங்கள். 2004 முதல் 2019 வரை அங்கே வட்டாரச் சுகாதார வாரியங்களுக்கும் தேர்தல் நடந்தது. அது நாடு முழுக்க எண் முறை. அதனால் ஆக்லாந்துக்காரர்கள் ஒரே உறையில் வந்த சீட்டுகளில் மாநகர மன்றத்துக்கு டிக்கும் சுகாதார வாரியத்துக்கு எண்ணும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த வாரியங்களையே கலைத்துவிட்டார்கள்.

எண் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நம் சிங்கப்பூரின் 2011 அதிபர் தேர்தலை நினைத்துப் பாருங்கள். நான்கு வேட்பாளர்கள், நால்வரும் டான். டாக்டர் டோனி டானுக்கு 35.20 விழுக்காடு, டாக்டர் டான் செங் போக்குக்கு 34.85. மறுபடி எண்ணித்தான் முடிவு சொன்னார்கள். வித்தியாசம் 7,382 வாக்குகள். மற்ற இருவருக்கும் சேர்த்து 634,536 பேர் வாக்களித்திருந்தார்கள். முதல் இருவரில் யார் தேவலை என்று அந்த ஆறு லட்சம் பேரை யாரும் கேட்கவில்லை. விருப்ப வரிசையில் கேட்டிருப்பார்கள். கடைசியாக வந்தவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் '2' என்று யாருக்கு எழுதியிருக்கிறதோ அவரிடம் அந்தச் சீட்டுகளைச் சேர்ப்பார்கள். யாராவது பாதியைத் தாண்டும்வரை இப்படியே போகும். கேட்டிருந்தாலும் டோனி டானே வென்றிருக்கலாம். யார் கண்டது.

வெலிங்டனில் 2010இல் முடிவே திரும்பியது. மேயராக இருந்த கெரி பிரெண்டர்காஸ்ட்தான் முதல் விருப்பத்தில் முன்னணி. வரிசையை எண்ணி முடித்தபோது செலியா வேட்-பிரவுன் 176 வாக்குகளில் வென்றிருந்தார்.

நீங்கள் 2011இல் யாருக்குப் போட்டீர்கள்?
*— குறும்புக்காரர், தெம்பனிஸ்*

வாக்கு இரகசியமானது, தம்பி.

நகரமே முறையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றால், அங்கே நாற்காலியில் இருப்பவர்கள் தங்களுக்கு வசதியானதைத்தானே தேர்ந்துகொள்வார்கள்? திருடன் கையில் சாவி கொடுப்பதுபோல் இல்லையா? காப்பிக்கடையில் உங்கள் வரியை வைத்து எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது.
*— வாடகை வண்டி ஓட்டுநர், தோ பாயோ*

சண்டையில் நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிகிறது அண்ணே. பாதி உங்கள் பக்கம்தான் நான். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் 1925 முதல் விருப்ப வரிசையில் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தது. பல இடங்களுக்கு ஒரே சீட்டு என்பதால் சிறுபான்மையினரும் சேர்ந்து நின்று ஓரிடம் பிடிக்க முடிந்தது. கறுப்பினத்தவரான தியடோர் பெரி மன்றத்துக்கு வந்தார், துணை மேயராகவும் ஆனார். அடுத்து மேயராகிவிடுவாரோ என்ற பேச்சைக் கிளப்பியே 1957இல் அந்த முறையை ஒழித்தார்கள். அதற்கு முன்னால் நான்கு முறை முயன்று முடியாமல்போனது, ஐந்தாவது முறை முடிந்தது. ஒழித்தது யார்? நகர மக்களேதான், வாக்குப் போட்டு. பெரி மேயராக 1972 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நியூயார்க்கும் பத்தாண்டு இதே முறையை வைத்திருந்தது. மன்றத்தில் கம்யூனிஸ்டுகள் இருவர் வந்து உட்கார்ந்ததும், பனிப்போர் பயம் பரவிய 1947இல், அங்கும் மக்களே அதைத் தூக்கி எறிந்தார்கள்.

ஆகவே, "நகரம் தேர்ந்துகொண்டால் நல்லதையே தேர்ந்துகொள்ளும்" என்று நான் சத்தியம் செய்யவில்லை.

சரி, சாவியை மேலே இருக்கும் அரசிடமே விட்டுவிடலாமா? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக்கு வாருங்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி, நகராட்சிகள் விரும்பினால் எண் முறைக்குப் போகலாம் என்றார்கள். லண்டன் என்ற நகரம் (இங்கிலாந்து லண்டன் இல்லை, அங்கேயும் ஒன்று இருக்கிறது, தேம்ஸ் ஆறுகூட உண்டு) 2018இல் அப்படியே தேர்தல் நடத்தியது. அதே தேர்தலோடு கிங்ஸ்டனிலும் கேம்பிரிட்ஜிலும் மக்களைக் கேட்டார்கள். இரண்டு ஊரும் சரி என்றன. 2020 நவம்பரில், கொரோனா மீட்சிக்கான மசோதா ஒன்றுக்குள் செருகி, மாநில அரசு அந்த உரிமையையே எடுத்துவிட்டது. லண்டன் 2022இல் பழைய முறைக்குத் திரும்பியது. மற்ற இரண்டு ஊர்களும் ஒரு தடவைகூட எண் எழுதிப் பார்க்கவில்லை.

ஃபார்கோவின் கதை அதைவிட வேடிக்கை. வடக்கு டகோட்டாவில் இருக்கும் அந்த நகரத்து மக்கள் 2018இல் வேறொரு முறைக்கு வாக்களித்தார்கள். பிடித்த வேட்பாளர் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேருக்கும் குறி போடலாம், அதிகக் குறி வாங்கியவர் வெற்றி. 2020 முதல் தேர்தல்கள் ஒழுங்காகவே நடந்தன. 2025இல் மாநிலச் சட்டமன்றம் அதைத் தடை செய்தது. அதை நீக்கச் சொல்லி ஃபார்கோ மக்கள் வாக்களிக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் இன்னொரு வகை. சொந்தச் சாசனம் (நகரத்தின் அடிப்படைச் சட்டம்) வைத்திருக்கும் நகரங்கள் முறையை மாற்றிக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோ 2004இலேயே மாறியது. அங்கே நாலில் மூன்று பங்கு நகரங்களுக்குச் சாசனம் இல்லை. அவற்றுக்கும் அந்த உரிமையைத் தரும் மசோதா இரண்டு முறை நிறைவேறி, 2016இல் ஒரு ஆளுநரும் 2019இல் இன்னொருவரும் கையெழுத்திட மறுத்தார்கள். இருவரும் ஒரே கட்சி. அதே கட்சியைச் சேர்ந்தவர்கள் கொண்டுவந்த மசோதாக்கள்தான் அவை.

எனவே என் வரியைத் திருத்தமாகச் சொல்கிறேன். முயன்று பார்த்த இரண்டு மூன்று முறைகளை மேலே இருக்கும் சட்டம் பட்டியல் போட்டுத் தரட்டும். அதிலிருந்து எடுப்பது அந்த ஊர் வாக்காளர்களின் நேரடி வாக்காக இருக்கட்டும், மன்ற உறுப்பினர்களின் கைதூக்கலாக மட்டும் வேண்டாம். எடுத்ததை இரண்டு தேர்தலுக்குத் தொடக்கூடாது, நகரமும் சரி, அரசும் சரி. நியூசிலாந்து கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. வேல்ஸ் நாட்டில் 2021இல் பாதி செய்தார்கள்: மன்றங்கள் எண் முறைக்கு மாறலாம், ஆனால் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்ப வேண்டும் என்றார்கள். பழைய முறையில் வென்று வந்தவர்களிடமே மூன்றில் இரண்டு பங்கு கேட்டால் என்ன நடக்கும்? 2027 தேர்தலுக்கு ஒரு மன்றமும் மாறவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டுபிடித்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் நம் முன்னோர் குடவோலையில் தேர்தல் நடத்தினார்களே. அதை ஏன் எழுதவில்லை?
*— தமிழ்ப் பற்றாளர், பிடோக்*

எழுதாமல் விட்டால் நீங்கள் எழுதுவீர்கள் என்று தெரியும் ஐயா. கேட்டதால் சொல்கிறேன். குடவோலை வாக்குப் பதிவு இல்லை, குலுக்கல். முப்பது குடும்புகளிலும் (வார்டுகளிலும்) தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். தகுதி என்றால் வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடு, கால் வேலிக்கு மேல் நிலம், வேதப் பயிற்சி. அது பிராமணர்களின் சபை. உங்களுக்கும் எனக்கும் அந்தக் குடத்தில் ஓலை இருந்திருக்காது. கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய உறவினர்களையும் சேர்த்தே விலக்கினார்கள் பாருங்கள், அந்த ஒரு விதியை மட்டும் இன்றைக்கும் யாராவது கடன் வாங்கலாம்.

ஆனால் உங்கள் கடிதம் என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனது. இந்த விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு உண்மையில் என்ன? சபை கூடி, உறுப்பினரை இப்படித்தான் தேர்ந்தெடுப்போம் என்று போட்ட தீர்மானம். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆண்டில் அதைத் திருத்தி இன்னொன்று. அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி பக்கத்தில் இருக்க, விதியை எழுதியது ஊர். இரண்டு ஆண்டில் குறை தெரிந்து மாற்றியதும் ஊர். இந்தப் பத்தியில் நாம் பேசிக்கொண்டிருப்பது அதைத்தான். "உலகின் முதல் ஜனநாயகம்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் தஞ்சாவூர்க்காரன், இங்கே கட்டுமானத் துறையில் வேலை. எங்கள் மாநிலத்தில் ஒரு தேர்தலில் மேயருக்கு நேரடியாக ஓட்டுப் போடுகிறோம், அடுத்ததில் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். இது யார் முடிவு?
*— துவாஸ் விடுதியிலிருந்து*

மாநிலச் சட்டமன்றத்தின் முடிவு. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குத் தேர்தல் கட்டாயம் என்றது, தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை மாநிலத்திடம் விட்டது. தமிழ்நாட்டில் 1996இல் நேரடி, மு.க. ஸ்டாலின் சென்னை மேயரானார். 2006இல் மறைமுகம். 2011இல் மீண்டும் நேரடி. பிறகு சட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டு, 2022இல் மறைமுகமாக முடிந்தது. சென்னையின் 200 வார்டு உறுப்பினர்கள் கூடி பிரியா ராஜனை மேயராக்கினார்கள். எந்த முறை நல்லது என்று ஒவ்வொரு தடவையும் காரணம் சொன்னார்கள், காரணங்களில் குறையே இல்லை. சென்னைக்காரரையோ தஞ்சாவூர்க்காரரையோ ஒரு தடவைகூட கேட்கவில்லை என்பதுதான் குறை. ஊர்ப்பக்கம் போகும்போது யாராவது மேடை போட்டால் இதைக் கேளுங்கள், தம்பி.

சிங்கப்பூரில் ஐந்து மேயர்கள் இருக்கிறார்கள். நான் ஒருவருக்கும் வாக்களித்ததாக ஞாபகமில்லை. எனக்கு மறதியா?
*— இல்லத்தரசி, புக்கிட் பாத்தோக்*

மறதி இல்லை. நம் மேயர்கள் சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைவர்கள், நியமிக்கப்படுகிறவர்கள். வாக்களித்துப் பெற்ற மன்றம் நமக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 1957 டிசம்பர் 21 அன்று நகராண்மைக் கழகத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. வாக்களிப்பது அன்றைக்குக் கட்டாயமில்லை. 13 இடங்களோடு மக்கள் செயல் கட்சி பெரிய கட்சியாக வந்தது, ஓங் எங் குவான் மேயரானார். வந்ததும் முதல் வேலையாக மேயருக்கு முன்னே ஏந்திச் செல்லும் செங்கோல் வேண்டாம் என்று ஒதுக்கினார். 1959இல் கழகத்தின் வேலைகளையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொண்டது, அத்தோடு அந்தத் தேர்தலும் போயிற்று. சின்னத் தீவுக்கு இரண்டு அரசாங்கம் எதற்கு என்ற கேள்வியில் நியாயம் இருந்தது.

இப்போது நம் புளோக்கின் மின்தூக்கியும் குப்பையும் நகர மன்றத்தின் பொறுப்பு. 1986இல் அங் மோ கியோவில் சோதனை, 1988இல் சட்டம். அதை நடத்துவது தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஆக நீங்கள் போடும் ஒரு குறி, சட்டம் இயற்றுகிறவரையும் தேர்ந்தெடுக்கிறது, மின்தூக்கி பழுதானால் பதில் சொல்கிறவரையும் தேர்ந்தெடுக்கிறது. வாக்காளர் யோசித்துப் போடுவார் என்பதற்காகவே இப்படி முடிச்சுப் போட்டார்கள். வேண்டியவருக்கு வாக்கும் வேண்டாதவரிடம் பராமரிப்புக் கட்டணமும் என்று பிரித்துப்போட எனக்கு ஆசைதான். ஆனால் நம் தீவில் "நகரம்" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் எல்லை நகர்கிறது. தனக்கென்று நிலையான எல்லை இல்லாத ஊரிடம் போய் உன் தேர்தல் முறையை நீயே தேர்ந்துகொள் என்று சொல்ல முடியாது. எண் முறையை இங்கே முயல வேண்டுமானால் நான் அதிபர் தேர்தலில் தொடங்குவேன். ஒரே இடம், நாடு முழுக்க ஒரே சீட்டு.

டிக் போடவே என் மாமியாருக்குக் கண்ணாடி வேண்டும். 1, 2, 3 எழுதச் சொன்னால் எல்லாம் செல்லாத வாக்காகிவிடாதா?
*— மருமகள், செங்காங்*

இலங்கை மாமியார்களைக் கேளுங்கள். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் மூன்று விருப்பம்வரை எழுதும் வசதி 1982 முதல் இருக்கிறது. பெரும்பாலோர் ஒருவருக்கு மட்டும் குறி போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், அதுவும் செல்லும். 2024இல்தான் முதல் தடவையாக யாரும் பாதியைத் தொடாமல், இரண்டாம் விருப்பத்தை எண்ணவேண்டி வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காட்டிலிருந்து மேலேறி வென்றார்.

ஸ்காட்லாந்தில் 2007இல் நாடாளுமன்றத்துக்கும் உள்ளாட்சிக்கும் ஒரே நாளில் வாக்குப் பதிவு. நாடாளுமன்றத்துக்குப் புள்ளடி (×), உள்ளாட்சிக்கு எண். ஏறக்குறைய 146,000 நாடாளுமன்ற வாக்குகள் செல்லாமல் போயின. எண் எழுதிய உள்ளாட்சிச் சீட்டுகளில் செல்லாதவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. குழப்பியது எண் இல்லை, இரண்டு பட்டியலை ஒரே தாளில் அச்சிட்ட நாடாளுமன்றச் சீட்டு.

நான் பயப்படுவது உங்கள் மாமியாருக்காக இல்லை, எண்ணுகிறவர்களுக்காக. ஆசிரியையாக இருந்தபோது வாக்கு எண்ணும் பணிக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். எங்கள் முறையில் சீட்டைப் பிரித்துக் குவிக்கும்போதே சுற்றி நிற்கும் முகவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும். ஒவ்வொரு சாவடியிலும் நூறு சீட்டை எடுத்து மாதிரி எண்ணினாலே ஓரளவு பிடிபட்டுவிடும். எண் முறையில் அந்த வசதி போய்விடுகிறது. நியூசிலாந்தின் கணக்கைக் கணினிதான் போட முடியும். எண் முறையை மறுபடி எடுத்துக்கொண்ட நியூயார்க்கில் 2021இல் 135,000 சோதனைச் சீட்டுகளை உண்மை வாக்குகளோடு சேர்த்து எண்ணி வெளியிட்டு, பிறகு திரும்பப் பெற்றார்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 2022 பள்ளிக்குழுத் தேர்தலில் மென்பொருளின் ஓர் அமைப்பு தவறாக இருந்ததால் தோற்றவரை வென்றவர் என்று அறிவித்து, நீதிமன்றம்வரை போய்த்தான் சரியானது. முறையை மாற்றுகிற ஊர் எண்ணுகிறவர்களுக்குப் பயிற்சியும் ஒத்திகையும் தரப் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

சின்சினாட்டியில் சிறுபான்மையினருக்கு இடம் கிடைத்தது என்கிறீர்கள். இங்கே எண் முறை வந்தால் இந்தியர்களுக்கு நல்லதுதானே? சிறுபான்மையினர் ஒருவரையாவது சேர்த்துக் குழுவாக நிற்கும் குழுத்தொகுதி தேவையே இருக்காதல்லவா?
*— பல்கலைக்கழக மாணவி, கிளமெண்டி*

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், அம்மா. எண் முறையில் ஓரிடம் வெல்ல ஒரு குறைந்தபட்சப் பங்கு உண்டு. இடங்களோடு ஒன்றைக் கூட்டி, நூறை அதனால் வகுத்தால் அந்தப் பங்கு வரும். ஐந்து இடம் என்றால் நூறை ஆறால் வகுக்க, 16.7 விழுக்காட்டுக்குச் சற்று மேலே. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 9 விழுக்காடு. அந்த ஒன்பதும் ஒருவர் விடாமல் ஒரே ஆளுக்கு '1' எழுதினாலும் ஐந்து இடத் தொகுதியில் எட்டாது. பதினொரு இடத் தொகுதி வேண்டும், அப்போதுதான் வரம்பு 8.3க்கு இறங்கும்.

சின்சினாட்டியில் நடந்தது ஏன் இங்கே நடக்காது? அங்கே ஊர் முழுக்க ஒரே தொகுதி, ஒன்பது இடம். பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேலே வாங்கினால் போதும். கறுப்பினத்தவர் தொகை அதைத் தாண்டியே இருந்தது. இங்கே 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் இன விகிதாச்சாரம் உண்டு, நாம் தீவெங்கும் பரவியிருக்கிறோம். இனமாகத் திரண்டு ஓரிடம் பிடிப்பதை நான் விரும்பவும் இல்லை. மற்றவர்களின் இரண்டாம், மூன்றாம் விருப்பத்தையும் சம்பாதித்து வெல்லக்கூடியவர் நிற்கட்டும். 2023 அதிபர் தேர்தலில் திரு தர்மன் 70 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியது எண் முறையில் இல்லை, பழைய ஒற்றைக் குறியில்தான். குழுத்தொகுதியை நீக்கலாமா என்பது வேறு கேள்வி. 1988இல் அதைக் கொண்டுவந்தபோது ஒரு குழுவுக்கு மூன்று பேர், இப்போது நான்கும் ஐந்தும். மூன்று பேருக்குள்ளேயே ஒரு சிறுபான்மை வேட்பாளரை நிறுத்த முடிந்ததே, ஐந்து எதற்கு என்று கேட்பதில் நான் உங்களோடு நிற்பேன்.